'தமிழ்'னு அமுக்கினது எங்க போச்சு?

நம்ம டிபார்ட்மென்ட் வைவால வருஷா வருஷம் வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "செஷனுக்கும் குக்கிக்கும் என்ன வித்தியாசம்?" பதிலும் வருஷா வருஷம் ஒண்ணுதான். குக்கி கிளையன்ட் பக்கம், செஷன் சர்வர் பக்கம். மார்க்கைப் போட்டுட்டு அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிட்டுடுவாங்க. சர்வர் பக்கம்னா சர்வர்ல எங்க? ரேம்லயா, டிஸ்க்லயா? எந்த ஃபோல்டர்ல? கரண்ட் போனா அது இருக்குமா? இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீங்க.

கேக்காமலே நாலு வருஷத்தை ஓட்டிடவும் முடியும். நம்ம புராஜெக்ட் ஓடுறது ரெண்டே இடத்துல. ஒண்ணு நம்ம சொந்த லேப்டாப்ல லோக்கல்ஹோஸ்ட். இன்னொண்ணு ஏதோ ஒரு கிளவுட் சர்வீஸோட இலவச பிளான். ரிவ்யூ பத்து நிமிஷம். பத்து நிமிஷத்துல எந்த செஷனும் சாகாது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். யூசர் தேர்ந்தெடுத்த ஒரு செட்டிங் நிக்காம போகுதுன்னா, நாம உடனே பண்றது டைம்அவுட்டைக் கூட்டுறது. அது பல நேரம் தப்பான வைத்தியம். அந்த செட்டிங் செஷனுக்குள்ள இருக்கவே கூடாத ஒண்ணா இருக்கும். குறிப்பா மொழி. இதை எனக்குத் தெளிவாக் காட்டினது ஒரு லேப்ல இல்ல, கரியாலூர்ல ஒரு வீட்டுல ஓடிக்கிட்டிருக்கிற பழைய லேப்டாப்.

கரியாலூர் எங்க இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், அங்கேர்ந்து கோமுகி அணை வழியா மலை ஏறணும். பெரியார் அருவி வரும், அப்புறம் கரியாலூர். அதே ரோட்டுல இன்னும் போனா வெள்ளிமலை. கல்வராயன் மலை. 2019ல விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனப்போ மலையோட இந்தப் பக்கமும் அதோட வந்துடுச்சு. அங்க தலைமுறையா வாழுறவங்க மலையாளி பழங்குடி மக்கள். பேரை வெச்சு கேரளாவுக்குப் போயிடாதீங்க. மலையில வாழுறவங்கன்னு அர்த்தம், வீட்டுல பேசுறது தமிழ்.

என் கிளாஸ்மேட் ஒருத்தனோட வீடு அங்க. அவன் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த கவர்மென்ட் லேப்டாப்பை சர்வராக்கி வெச்சிருக்கான். 2011ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல வந்த லேப்டாப்புங்க எத்தனை வீட்டுல பரண் மேல கிடக்குன்னு யோசிச்சுப் பாருங்க. டெபியன் போட்டு, அப்பாச்சி போட்டு, பிஎச்பில அவனே ஒரு கேள்வி-பதில் தளம் எழுதியிருக்கான். பத்தாம் வகுப்புப் பாடத்துலேர்ந்து கேள்விகள். தெருப் பசங்க சாயங்காலம் அவங்க வீட்டுத் திண்ணைக்கு வந்து, ஆளுக்கொரு போனோ, ரெண்டு பேருக்கு ஒரு போனோ வெச்சு வைஃபைல கனெக்ட் பண்ணிப் பரீட்சை எழுதுவாங்க. ரவுட்டர் இருக்கு, ஆனா அதுக்குப் பின்னாடி இன்டர்நெட் கிடையாது. எதையாவது டவுன்லோட் பண்ணணும்னா மட்டும் அவன் போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட் போடுவான். "ஏன்டா, கிளவுட்ல போட்டா போச்சு"ன்னு ஹாஸ்டல்ல சொல்றவங்க ஒரு மழைநாள் மேல போய் ஒரு பக்கம் லோட் ஆகுற நேரத்தைப் பார்த்துட்டு வரட்டும்.

தளத்துல மேல வலது மூலையில ரெண்டு பொத்தான்: 'தமிழ்', 'இங்கிலீஷ்'. பசங்க 'தமிழ்' அமுக்குவாங்க. பக்கம் தமிழுக்கு மாறும். கொஞ்ச நேரம் கழிச்சு, இல்ல மறுநாள் வந்து பார்த்தா, மறுபடி இங்கிலீஷ். திரும்ப அமுக்கணும். சில நாள் ஒரே சாயங்காலத்துல மூணு தடவை.

நமக்கு இது சின்ன விஷயம். நான் எல்கேஜிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம். ஒரு தளம் இங்கிலீஷ்ல வந்து நின்னா அது மாறிடுச்சுங்கிறதே என் கண்ணுல படாது. தமிழ் மீடியத்துல ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு அப்படி இல்ல. ஒளிச்சேர்க்கைன்னு படிச்ச பாடம் திடீர்னு போட்டோசிந்தசிஸ்னு வந்து நின்னா, 'இது நமக்கு இல்ல'ன்னு போனை வெச்சுட்டுப் போயிடும். பக் ரிப்போர்ட் எழுதாது. சர்வர் லாக்ல எர்ரர் வராது. ஆளு வர்றது நின்னுடும், அவ்வளவுதான். நண்பனோட அம்மா சொல்லித்தான் அவனுக்கே தெரிஞ்சது: "அந்தப் புள்ளைங்க ரெண்டு பேரும் இப்ப வர்றதில்லப்பா. இங்கிலீஷ்ல வருதாம்."

போன செமஸ்டர் லீவுல நாலு நாள் அங்க தங்கியிருந்தப்போ இதைத் துருவினோம். அதுல கிடைச்சது உங்க வீட்டு சர்வருக்கும், ஹாஸ்டல் ரூம் ராஸ்பெரி பைக்கும் அப்படியே பொருந்தும்.

அவன் கோட்ல மொழித் தேர்வு செஷன்ல போகுது. செஷன்ல இல்லேன்னா இயல்பா இங்கிலீஷ். டுடோரியல்ல எல்லாம் இப்படித்தான் இருக்கும். அப்ப செஷன் ஏன் காணாம போகுது? முதல் சந்தேகம் பிஎச்பியோட இயல்பு அமைப்பு மேல. அதுல ஜிசி மேக்ஸ்லைஃப்டைம்னு ஒரு மதிப்பு இருக்கு. இயல்பா 1440 வினாடி. அதாவது 24 நிமிஷம். அந்த நேரத்துக்கு மேல தொடப்படாத செஷன் ஃபைலைக் குப்பைன்னு எடுத்துக்கலாம்னு அர்த்தம். ஒரு பையன் பரீட்சையை நிறுத்திட்டுச் சாப்பிடப் போயிட்டு வந்தாலே 24 நிமிஷம் தாண்டிடும்.

இங்க ஒரு கூத்து. பிஎச்பி தன் வழக்கப்படி அந்தக் குப்பையை எப்பவாவது, ரேண்டமா, நூத்துல ஒரு ரிக்வெஸ்ட்லயோ ஆயிரத்துல ஒண்ணுலயோதான் அள்ளும். டெபியன், உபுன்டுல அப்படி இல்ல. அங்க அந்த வாய்ப்பைப் பூஜ்யமாக்கி வெச்சுட்டு, தனியா ஒரு ஸ்கிரிப்ட்டை ஒவ்வொரு மணிக்கும் 9வது நிமிஷத்துலயும் 39வது நிமிஷத்துலயும் ஓட விடுவாங்க. அது ஐஎன்ஐ ஃபைல்ல இருக்கிற மதிப்பைத்தான் பார்க்கும். நீங்க உங்க கோட்ல ஐஎன்ஐ_செட் போட்டு "30 நாள் வெச்சுக்கோ"ன்னு எழுதினா, அது அந்த ஸ்கிரிப்ட் காதுல விழாது. 'கோட்ல மாத்திட்டேன், ஆனா நிக்கலை'ன்னு தலையைப் பிச்சுக்கிற பாதிப் பேரோட கதை இதுதான்.

மீதிப் பேரோட கதை, தப்பான ஐஎன்ஐ ஃபைலை மாத்துறது. டெர்மினல்ல 'பிஎச்பி எந்த ஐஎன்ஐயைப் படிக்குது'ன்னு கேட்டா கமாண்ட் லைனுக்கான ஃபைலைக் காட்டும். அப்பாச்சி படிக்கிறது வேற ஃபோல்டர்ல இருக்கிற வேற ஃபைல். எஃப்பிஎம் போட்டிருந்தா மூணாவதா இன்னொண்ணு. பிரவுசர்ல பிஎச்பி இன்ஃபோ பக்கத்தைத் திறந்து 'லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்'ங்கிற வரியைப் பாருங்க. அதுல எழுதியிருக்கிற ஃபைலைத்தான் மாத்தணும், மாத்தினதும் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும். நண்பன் இதைச் சரியாத்தான் பண்ணியிருந்தான். 30 நாள்னு வெச்சிருந்தான். அப்படியும் இங்கிலீஷ் வந்துச்சு.

அடுத்தது முகவரி. மலையில மழை காத்துன்னா கரண்ட் போகும். கரண்ட் வந்ததும் ரவுட்டர் தூக்கத்துலேர்ந்து எழுந்து, கனெக்ட் ஆகுற வரிசைல ஐபி முகவரி குடுக்கும். நேத்து 192.168.1.5ல இருந்த சர்வர் இன்னைக்கு 192.168.1.3ல. பிரவுசரைப் பொறுத்தவரை இது வேற ஒரு தளம். பழைய முகவரிக்குக் குடுத்த குக்கியைப் புது முகவரிக்கு அனுப்பாது, அனுப்பவும் கூடாது. சர்வர்ல செஷன் ஃபைல் பத்திரமா இருக்கும். அதுக்கான சாவி மட்டும் கதவு மாறிப் போயிருக்கும். ரவுட்டர்ல லேப்டாப்போட மேக் முகவரிக்கு ஒரு ஐபியை நிலையா ஒதுக்கி வெச்சா இது தீரும். ரெண்டு நிமிஷ வேலை.

குக்கி ஐபியைப் பார்க்கும், போர்ட் நம்பரைப் பார்க்காது. இதையும் மனசுல வெச்சுக்கோங்க. ஒரே சர்வர்ல 8000ல ஒரு ஜாங்கோ, 8001ல இன்னொரு ஜாங்கோ ஓட்டினா ரெண்டும் ஒரே பேர்ல குக்கி போடும். ஒண்ணுல லாகின் பண்ணினா இன்னொண்ணு உங்களை வெளிய தள்ளும். குக்கி பேரை ஒண்ணுல மாத்திட்டா சரியாகிடும்.

ஐபியை நிலையாக்கின அன்னைக்கும் சாயங்காலம் ஒரு தடவை இங்கிலீஷ் வந்துச்சு. கரண்ட் போய் வந்த கொஞ்ச நேரத்துல. இதுக்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் ரெண்டு ராத்திரி போச்சு. அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா லோக்கல்ஹோஸ்ட்ல இது ஒரு நாளும் நடக்காது.

அந்த லேப்டாப்போட பெரிய பேட்டரி செத்து ரொம்ப நாள் ஆச்சு. கரண்ட் போனா அந்த நிமிஷமே அணையும். திரும்ப வந்தா தானா எழாது, நண்பனோட அம்மா போய் பட்டனை அமுக்குவாங்க. உள்ள மதர்போர்ட்ல கடிகாரத்துக்குன்னு ஒரு நாணய சைஸ் பேட்டரி இருக்கும், அதுவும் செத்துப்போச்சு. அதனால ஆன் பண்ணினதும் 'தேதி, நேரம் சரியில்ல, எஃப்1 அமுக்கு'ன்னு கறுப்புத் திரைல நிக்கும். அம்மா எஃப்1 அமுக்குவாங்க. அதுக்கப்புறம் லினக்ஸ் ஏறும்.

கடிகாரம் இல்லாத மெஷின்ல லினக்ஸ் நேரத்தை எப்படித் தெரிஞ்சுக்கும்? சிஸ்டம்டி கடைசியாத் தனக்குத் தெரிஞ்ச நேரத்தை ஒரு ஃபைல்ல குறிச்சு வெச்சிருக்கும். ஹார்டுவேர் கடிகாரம் அதைவிடப் பின்னாடி இருந்தா, குறிச்சு வெச்ச நேரத்துலேர்ந்து தொடங்கும். ராஸ்பெரி பைலயும் இதே மாதிரி ஏற்பாடுதான். 2023ல வந்த பை 5க்கு முன்னாடி வந்த பைகள்ல ஹார்டுவேர் கடிகாரமே கிடையாது. அப்ப கரண்ட் மதியம் ஒரு மணிக்குப் போய் அஞ்சு மணிக்கு வந்தா, சர்வருக்கு இன்னும் மணி ஒண்ணுதான். பசங்க அஞ்சரைக்கு வந்து 'தமிழ்' அமுக்குறாங்க. செஷன் ஃபைல் மேல 'மதியம் 1:30'ன்னு முத்திரை விழுது. ஆறு மணிக்கு நண்பன் எதையோ இறக்க ஹாட்ஸ்பாட் போடுறான். உடனே சர்வர் இன்டர்நெட்ல நேரம் கேட்டு, ஒரே தாவா ஆறு மணிக்கு வந்துடுது. அந்த செஷன் ஃபைல் இப்ப நாலரை மணி நேரம் பழசு. ஆயுள் 24 நிமிஷம்னா, 6:09க்கு ஓடுற ஸ்கிரிப்ட் அத்தனையையும் பெருக்கித் தள்ளிடும்.

'ஆனா 30 நாள்னு மாத்தியாச்சே'ன்னு நீங்க கேக்கணும். சரியான கேள்வி. 30 நாள் இருக்கும்போது நாலு மணி நேரத் தாவல் ஒண்ணும் பண்ணாது. அப்புறம் பார்த்தா விஷயம் வேற. இதைக் கண்டுபிடிக்க உதவினது ஒரு சாதாரண ஃபைல் லிஸ்ட். செஷன் ஃபோல்டருக்குள்ள போய் சைஸோட பட்டியல் எடுத்தோம். சில ஃபைல் சைஸ் பூஜ்யம். இருக்கு, ஆனா காலி.

ஒரு ஃபைலை எழுதினேன்னு புரோகிராம் சொல்லும்போது அது டிஸ்க்குக்குப் போயிருக்கும்னு அர்த்தம் இல்ல. லினக்ஸ் அதை முதல்ல ரேம்ல வெச்சுக்கும். வழக்கமான அமைப்புல அரை நிமிஷம் வரைக்கும் கூட அங்கேயே காத்திருக்கும், அப்புறம்தான் டிஸ்க்குக்கு இறக்கும். இதனாலதான் சிஸ்டம் வேகமா இருக்கு. உடனே இறக்கணும்னா எஃப்சிங்க்னு ஒரு கால் போடணும். பிஎச்பியோட ஃபைல் செஷன் அதைப் போடுறதில்ல. போடணும்னு எதிர்பார்க்கவும் முடியாது, செஷன்ங்கிறது போனா போகட்டும்னு வெச்ச பொருள். அந்த அரை நிமிஷத்துக்குள்ள கரண்ட் போச்சுன்னா, ஃபைல் பேர் மட்டும் டிஸ்க்ல, உள்ள ஒண்ணும் இல்லாம நிக்கலாம். பசங்க பொத்தானை அமுக்கிக்கிட்டே இருக்கிற நேரத்துல கரண்ட் போறதுதான் அங்க வழக்கம், சாயங்கால மழை அப்படி.

சரி, இத்தனையும் தெரிஞ்சதுக்கு அப்புறம் என்ன பண்றது? என் கருத்துக்கு வர்றேன்.

ஒவ்வொரு ஓட்டையா அடைச்சுக்கிட்டே போகலாம். 24 நிமிஷத்தை 30 நாளாக்கலாம், ஐபியை நிலையாக்கலாம், நாணய பேட்டரி மாத்தலாம், யுபிஎஸ் வாங்கலாம். அத்தனையும் நல்ல காரியம்தான். ஆனா ஒவ்வொண்ணும் 'செஷன் சாகக் கூடாது'ங்கிற ஒரு ஆசைக்காகப் பண்றது. செஷன் சாகும். சாகுறதுக்குன்னே வடிவமைச்சது அது. குக்கியே அப்படி ஒரு ஒட்டுவேலையாத்தான் வந்துச்சு. எச்டிடிபிக்கு ஞாபக சக்தி கிடையாது, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் முதல் ரிக்வெஸ்ட் மாதிரிதான் வரும். 1994ல நெட்ஸ்கேப்ல லூ மொன்டுல்லி குக்கியைக் கொண்டு வந்தப்போ கண் முன்னாடி இருந்த தேவை ஆன்லைன் கடையோட கூடை. வாங்கப்போற பொருளைக் கடைசிப் பக்கம் வரைக்கும் தூக்கிட்டுப் போகணும். ஒரு சின்னப் பொண்ணு எந்த மொழியில படிக்குதுங்கிறது கூடைல போடுற சரக்கு இல்ல. அது அந்தப் பொண்ணைப் பத்தின தகவல். பேரு, வகுப்பு, மதிப்பெண் எல்லாம் எங்க இருக்கோ அங்க இருக்கணும்.

நண்பன் தளத்துல மதிப்பெண் எஸ்கியூலைட் டேட்டாபேஸ்ல இருந்துச்சு. ஒரு நாள் கூட அது காணாம போகலை. அதே லேப்டாப், அதே டிஸ்க், அதே கரண்ட் கட். காரணம், எஸ்கியூலைட் ஒரு தகவலை 'எழுதிட்டேன்'னு சொல்றதுக்கு முன்னாடி இயல்பாவே எஃப்சிங்க் போடும். பாதியில நின்னா திரும்பிப் போக ஜர்னல் வெச்சிருக்கும். திடீர்னு கரண்ட் போனா என்ன ஆகும்னு செயற்கையா நடத்திப் பார்க்கிற சோதனைகளே அவங்க சோதனைத் தொகுப்புல உண்டு. பக்கத்துலேயே இப்படி ஒரு பத்திரமான அலமாரியை வெச்சுக்கிட்டு, மொழியை மட்டும் கையில தூக்கிட்டு அலையுறது ஏன்? மாணவர் டேபிள்ல 'மொழி'ன்னு ஒரு காலம் சேர்த்தோம். லாகின் ஆனதும் அங்கேர்ந்து படிக்கும். செஷன் செத்தா லாகின் மட்டும் திரும்பப் பண்ணணும். அவங்க லாகின் வெறும் நாலு இலக்க எண், அது பசங்களுக்குப் பெரிய வேலை இல்ல.

'லோக்கல் ஸ்டோரேஜ்ல போட்டா ஒரே வரி'ன்னு உங்கள்ல நிறைய பேர் சொல்வீங்க. சொன்னாங்க, ஹாஸ்டல்ல. ஒரு ஆளுக்கு ஒரு போன் இருக்கிற உலகத்துக்கு அது சரி. அங்க ஒரு போன், மூணு பசங்க. உண்டு உறைவிடப் பள்ளியில படிச்சுட்டு லீவுக்கு வந்த அண்ணன் இங்கிலீஷ்ல பழகிப் பார்க்கணும்னு மாத்தி வெச்சான்னா, தங்கச்சிக்கும் இங்கிலீஷ் வரும். மேலும் லோக்கல் ஸ்டோரேஜும் முகவரியோட கட்டப்பட்டதுதான். ஐபி மாறினா அதுவும் போச்சு.

இதைவிட முக்கியமா நான் நினைக்கிறது இன்னொண்ணு. எதுவுமே ஞாபகம் இல்லாதப்போ தளம் எந்த மொழியில திறக்குது? நண்பன் கோட்ல அது இங்கிலீஷ். ஏன்னு கேட்டேன். "டுடோரியல்ல அப்படித்தான்டா இருந்துச்சு"ன்னான். பிரவுசர் அனுப்புற மொழித் தலைப்பைப் பார்த்து முடிவு பண்ணலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. ஆனா அந்தப் போனெல்லாம் கடையில வாங்கினப்போ என்ன மொழியில இருந்துச்சோ அதே இங்கிலீஷ்லதான் இருக்கு, அதனால அதுவும் இங்கிலீஷ்னுதான் சொல்லும். கரியாலூர் திண்ணையில தமிழ் மீடியம் பசங்களுக்கு ஓடுற தளம், எல்லாம் மறந்துபோனாலும் தமிழ்லதான் திறக்கணும். மாத்திக்க விரும்புறவங்க இங்கிலீஷ்னு அமுக்கட்டும். அந்த ஒரு வார்த்தையை மாத்தினதுல, மேல சொன்ன எந்த ஓட்டை திரும்பத் திறந்தாலும் பசங்களுக்குத் தெரியாது. கோட்ல ரெண்டு எழுத்து, 'இஎன்' இருந்த இடத்துல 'டிஏ'. இத்தனை வருஷமா நாம எழுதுற எல்லா கோட்லயும் அந்த ரெண்டு எழுத்து ஏன் அப்படியே இருக்குன்னு யாராவது தனியா ஒரு கட்டுரை எழுதலாம்.

இந்தச் சிக்கல் பிஎச்பியோட நிக்கிறது இல்ல, வேற வேற வேஷத்துல வரும். ஃபிளாஸ்க்ல சீக்ரெட் கீயை ஒவ்வொரு தடவையும் ரேண்டமா உருவாக்குற வரியை எத்தனை புராஜெக்ட்ல பார்த்திருப்பீங்க? ஃபிளாஸ்க் செஷன் அந்தச் சாவியால கையெழுத்துப் போட்ட குக்கிதான். சர்வர் ரீஸ்டார்ட் ஆனா புதுச் சாவி, பழைய கையெழுத்து செல்லாது. கூனிகார்ன்ல நாலு வொர்க்கர் ஓட்டினா நாலுக்கும் நாலு சாவி வரலாம். அப்ப லாகின் சில தடவை நிக்கும், சில தடவை நிக்காது, 'பேய் புடிச்சிருக்கு'ன்னு ரிவ்யூல சொல்வோம். எக்ஸ்பிரஸ்ல இயல்பான செஷன் ஸ்டோர் வெறும் ரேம். புரொடக்‌ஷன்ல ஓட்டினா அதுவே எச்சரிக்கை அச்சடிக்கும், நாம ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவோம். டாக்கர்ல வால்யூம் குடுக்காம வெச்சா, கன்டெய்னரை நீக்கிப் புதுசா உருவாக்குற நாள்ல எல்லாம் காலி.

ரெடிமேடா வர்ற மென்பொருள்லயும் உண்டு. பிஎச்பிமைஅட்மின்ல செட்டிங் மாத்தினா, அதுக்கான தனி டேபிள்களை அமைச்சு வெக்காதவரைக்கும், இது இந்த செஷனுக்கு மட்டும்னு அதுவே எழுதிக் காட்டும். டிரான்ஸ்மிஷன்ல நேர்மாறு: அது ஓடிக்கிட்டிருக்கும்போது நீங்க செட்டிங்ஸ் ஃபைலைக் கையால மாத்தினா, அணையும்போது தன் கையில இருக்கிற பழைய மதிப்பை மேல எழுதிட்டுப் போயிடும். நிறுத்திட்டுத்தான் மாத்தணும். அங்க உங்க செட்டிங் சேவ் ஆகாம இல்ல. சேவ் ஆனதுக்கு அப்புறம் இன்னொருத்தர் வந்து அழிச்சிருக்கார்.

'என் லேப்டாப்ல வருது, போன்ல வரலை'ங்கிறதுக்கு மட்டும் ஒரு தனி விளக்கம். குக்கில செக்யூர்னு ஒரு கொடி இருக்கு, அது இருந்தா எச்டிடிபிஎஸ்ல மட்டும்தான் குக்கி போகும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் இதுல சலுகை குடுக்கும். 192.168ல ஆரம்பிக்கிற முகவரிக்கு அந்தச் சலுகை இல்ல. சர்டிஃபிகேட் இல்லாத வீட்டு சர்வர்ல அந்தக் கொடியை ஏத்தினா, போன் குக்கியை வாங்கவே வாங்காது.

இதையெல்லாம் தேடுறப்போ நாங்க திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே மாதிரிக் கேள்விகள்: இது எங்க எழுதப்படுது, யார் படிக்கிறாங்க, யார் அழிக்கிறாங்க. டெவலப்பர் டூல்ஸ்ல அப்ளிகேஷன் டேப்ல குக்கி வந்திருக்கான்னு பாருங்க. சர்வர்ல செஷன் ஃபோல்டரைத் திறந்து அதே எண்ல ஃபைல் இருக்கா, சைஸ் என்ன, எந்த நேரத்து முத்திரைன்னு பாருங்க. டைம்டேட்கட்டில்னு அடிச்சு சர்வர் நேரத்தைக் கைக்கடிகாரத்தோட ஒப்பிடுங்க. இந்த மூணையும் பார்க்காம ஐஎன்ஐ ஃபைல்ல கை வெக்காதீங்க.

ரிவ்யூ பேனல்ல இருக்கிற ஆசிரியர்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். அடுத்த புராஜெக்ட் ரிவ்யூல, டெமோ நல்லாப் போய்க்கிட்டிருக்கும்போது, சர்வர் ஓடுற மெஷினோட ப்ளக்கை புடுங்குங்க. ரெண்டு நிமிஷம் விட்டுத் திரும்பப் போடுங்க. பிறகு யூசரா லாகின் பண்ணி எது மிச்சம் இருக்குன்னு பாருங்க. லேப்டாப்னா பேட்டரியைக் கழட்டச் சொல்லுங்க, கழட்ட முடியாத மாடல்னா பவர் பட்டனைப் பத்து வினாடி அமுக்கிப் பிடிச்சா போதும். பிபிடில இருக்கிற ஆர்க்கிடெக்சர் டயகிராமை விட இது அதிகம் சொல்லும். எங்க பேட்ச் ஆளுங்க என்னைத் திட்டுவாங்கன்னு தெரியும். ஆனா வேலைக்குப் போன இடத்துல நாம எழுதுறது ஒரு ரேஷன் கடை மெஷின்லயோ, ஆரம்ப சுகாதார நிலையத்து கம்ப்யூட்டர்லயோ ஓடலாம். அங்கேயும் கரண்ட் போகும்.

கரியாலூர்ல இப்ப நிலைமை: தமிழ் தமிழாவே நிக்குது. வராம போன ரெண்டு பேர்ல ஒரு பொண்ணு திரும்ப வருதுன்னு நண்பன் சொன்னான், இன்னொண்ணு தையல் கத்துக்கப் போயிடுச்சாம். நாணய பேட்டரி இன்னும் மாத்தலை. லேப்டாப்புக்குள்ள இருக்கிறது வயர் வெச்ச ரகம், வெறும் சிஆர்2032 வாங்கிட்டு வந்தா பொருந்தாது. கள்ளக்குறிச்சி இறங்குறப்போ கேட்டுப் பார்க்கணும். அதுவரைக்கும் அம்மா எஃப்1 அமுக்கிக்கிட்டுதான் இருக்காங்க. பாதி எழுதின பரீட்சை மட்டும் இன்னும் செஷன்லதான் இருக்கு, பத்தாவது கேள்வில கரண்ட் போனா முதல் கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்கணும். ஒவ்வொரு பதிலையும் அமுக்கின உடனே எஸ்கியூலைட்ல எழுதுற மாதிரி மாத்திக்கிட்டிருக்கான். அரைப் பரீட்சைக்குள்ள முடிச்சுடுவேன்னு சொல்லியிருக்கான்.